எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு முடி ஏன் கொட்டுகிறது?

ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் ஒற்றை முடி கிடந்தாலும் கண்ணில் படும். காரைக்குடியில் இருக்கும் என் அக்கா போன சித்திரையில் தினமும் காலையில் வீடு கூட்டும்போது, விளக்குமாற்றில் பந்து பந்தாக முடி சுருண்டு வந்தது. அதற்கு மூன்று மாதம் முன்பு, தை மாதம், அவளுக்கு எடைக்குறைப்பு ஆபரேஷன் நடந்திருந்தது. சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது. முழங்கால் வலி குறைந்துவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் தலைமுடி கொட்ட ஆரம்பித்தது.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மயக்க ஊசி என்றார் ஒருவர். போர்த் தண்ணீரின் உப்பு என்றார் இன்னொருவர். எதிர்வீட்டு ஆச்சி, "அந்த பவுடரும் மாத்திரையும் உடம்புச் சூட்டைக் கிளப்பிவிட்டிருச்சு, முதல்ல அதை நிறுத்து ஆத்தா" என்றார். அன்போடுதான் சொன்னார். அக்காவும் புரோட்டீன் பவுடரையும் சத்து மாத்திரைகளையும் சேர்த்தே நிறுத்திவிட்டாள். ஐந்து வாரம் கழித்து மருத்துவரிடம் போனபோதுதான், முடிக்குத் தேவையான இரண்டையும் தானே நிறுத்தியிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆபரேஷன் செய்த இடத்தில் கொடுத்த குறிப்பில் முடி பற்றி ஒரு வரி இருந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. அதை யாரும் அவளுக்கு விளக்கிச் சொல்லவில்லை.

அந்த ஐந்து வாரம் இன்னொரு வீட்டில் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

## முதலில், இது எந்த ஆபரேஷன்?

நம் பக்கம் பலர் இதைக் 'கொழுப்பு எடுக்கிற ஆபரேஷன்' என்று நினைத்துக்கொள்கிறார்கள். இதில் கொழுப்பை யாரும் உறிஞ்சி எடுப்பதில்லை. இரைப்பையைச் சிறிதாக்குகிறார்கள்.

இரண்டு வகை பரவலாகச் செய்யப்படுகிறது. ஸ்லீவ் என்பதில் இரைப்பையில் 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி அகற்றி, மீதியை ஒரு குழாய் மாதிரி ஆக்கிவிடுவார்கள். பைபாஸ் என்பதில் இரைப்பையின் மேல்முனையில் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் தொடக்கத்தைத் தாண்டிக் கீழே கொண்டுபோய் இணைப்பார்கள். பேரும் வேலையும் ஊர்ப் பைபாஸ் ரோடு போலத்தான். வண்டி கடைத்தெருவுக்குள் நுழையாமலே போய்விடும். கடைத்தெருவில் வாங்க வேண்டிய சரக்கும் வாங்கப்படாமல் போகும். இந்தச் சரக்கு விஷயம் பின்னால் மறுபடி வரும்.

## ஒரு லட்சம் ஆட்கள் வேலை பார்க்கும் கடை

தலையில் சுமார் 1,00,000 முடிகள் இருக்கின்றன. இவை ஒன்றாகச் சேர்ந்து வளர்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு உண்டு.

'கணக்கு' என்று சொன்னதும் செட்டிநாட்டுக்காரர்களுக்கு பர்மா ஞாபகம் வரும். அந்தக் காலத்தில் கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் பார்க்க, போனவர்கள் ரங்கூனிலும் மோல்மீனிலும் வட்டிக்கடைகளில் வேலை பார்ப்பார்கள். ஒரு கணக்கு என்றால் மூன்று வருடம். அது முடிந்ததும் ஊருக்கு வந்து கொஞ்ச காலம் இருப்பார்கள். இங்கே ஒருவர் வந்து இறங்கும்போது இன்னொருவர் கப்பலேறியிருப்பார். முறை வைத்து வந்துபோனதால் கடை ஒருநாளும் காலியாக இருக்காது.

முடியும் இப்படித்தான். ஒரு முடி 2 முதல் 6 வருடம் வரை விடாமல் வளர்கிறது. இது வளர்பருவம். பிறகு இரண்டு மூன்று வாரத்தில் வேர் சுருங்கி, வளர்ச்சி நின்று, சுமார் மூன்று மாதம் சும்மா இருக்கிறது. இது ஓய்வுப்பருவம். மருத்துவர்கள் இதை டெலோஜன் என்பார்கள். ஓய்வு முடிந்ததும் அதே குழியில் புது முடி முளைத்து, பழையதை வெளியே தள்ளிவிடும். முடி முளைக்கும் அந்தச் சின்னக் குழிக்கு முடிக்கால் என்று பெயர்.

சாதாரணமாக நூற்றுக்குப் பத்து பதினைந்து முடிதான் ஓய்வில் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சத்தில் பத்து சதவீதம் என்றால் பத்தாயிரம். அந்தப் பத்தாயிரமும் நூறு நாளில் விழ வேண்டும் என்றால் நாளைக்கு நூறு. ஆரோக்கியமான ஒருவருக்கே தினம் 50 முதல் 100 முடி உதிர்வது இதனால்தான். அது நம் கண்ணுக்குப் படுவதில்லை.

சரி, எல்லோரும் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போனால்? 1942-ல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தபோது, யாருடைய கணக்கு முடிந்தது, யாருடையது முடியவில்லை என்று பார்க்க நேரமில்லை. கிடைத்த வழியில் எல்லோரும் கிளம்பினார்கள். உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி வரும்போது முடிக்கும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. இன்னும் இரண்டு வருடம் வளர வேண்டிய முடிகூட சட்டென்று ஓய்வுப்பருவத்துக்குப் போய்விடுகிறது. ஓய்வில் இருக்கும் பங்கு முப்பது சதவீதத்தைத் தொட்டால், அதே கணக்கில் நாளைக்கு முந்நூறு முடி விழும். விளக்குமாற்றில் வருவது அந்த முந்நூறு.

இதற்கு டெலோஜன் எஃப்லூவியம் என்று பெயர். ஓய்வுமுடிப் பெருக்கு என்று சொல்லலாம். ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1961-ல் வைத்த பெயர் இது. பிரசவத்துக்குப் பிறகு பெண்களுக்கு முடி கொட்டுவதும், டைபாய்டு மாதிரியான கடுங்காய்ச்சலுக்குப் பிறகு கொட்டுவதும் இதே வகைதான். அதையெல்லாம் நம் வீடுகளில் பார்த்துப் பழகிவிட்டோம். ஆபரேஷனுக்குப் பிறகு வருவதுதான் புதிதாகத் தெரிகிறது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: முடிகள் முறை வைத்து ஓய்வெடுக்கும். அதிர்ச்சி வந்தால் நிறைய முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போகும். முடிக்கால் அப்படியே இருக்கும்.

## கடைமடைக்குத் தண்ணீர் நிற்பது ஏன்?

எது அந்த அதிர்ச்சி? மயக்க ஊசி மட்டும் என்று ஒதுக்கிவிட முடியாது. பெரிய ஆபரேஷன் என்பதே உடம்புக்கு ஓர் அதிர்ச்சிதான். அதற்கு மேல், முதல் சில மாதங்களில் சாப்பாடு வெகுவாகக் குறைகிறது. ஒரு நாளைக்கு 1,000 கலோரிகூடப் பெரும்பாலும் உள்ளே போகாது. எடை மளமளவென்று இறங்குகிறது. எடை இறங்குவது நல்லதுதான், அதற்காகத்தானே ஆபரேஷன். ஆனால் உடம்புக்கு அது தெரியாது. பஞ்சம் வந்துவிட்டது என்று அது எடுத்துக்கொள்கிறது.

மழை பொய்த்த வருடம் கண்மாயில் தண்ணீர் பாதிகூட இல்லையென்றால் என்ன செய்வோம்? இருக்கிற தண்ணீரை மடைக்குப் பக்கத்து வயலுக்கு விடுவோம். கடைமடை காயும். கடைமடைக்காரர் மேல் யாருக்கும் கோபம் இல்லை. இருக்கும் தண்ணீர் அவ்வளவுதான். உடம்பில் இதயம், மூளை, கல்லீரல் எல்லாம் மடையோரத்து வயல்கள். தலைமுடி கடைமடை. முடி இல்லாமல் உயிர் வாழலாம் என்பது உடம்புக்குத் தெரியும்.

போதாக்குறைக்கு, இந்தக் கடைமடை வயல் அதிகத் தண்ணீர் குடிக்கும் வயல். உடம்பில் மிக வேகமாகப் பெருகும் செல்களில் முடிவேரின் செல்களும் அடக்கம். முடி பெரும்பாலும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. செலவு அதிகம், அவசரம் குறைவு என்றால் முதல் வெட்டு அங்கேதான் விழும்.

## இன்று விழுவது மூன்று மாதத்துக்கு முந்தைய சேதி

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். தை மாதம் ஓய்வுக்குப் போன முடி தையிலேயே விழாது. மூன்று மாதம் தலையில் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு சித்திரையில் விழும். அந்தக் காலத்துக் கப்பல் தபால் மாதிரி, சேதி கைக்கு வரும்போது சம்பவம் நடந்து நாளாகியிருக்கும்.

குழப்பமெல்லாம் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. தையில் காரணம் நடந்தபோது முடி நன்றாக இருந்தது. சித்திரையில் முடி விழும்போது, நாம் சித்திரையில் என்ன மாற்றினோம் என்று தேடுகிறோம். புது பவுடர், புது மாத்திரை, புது ஷாம்பு, வீடு மாறியதில் மாறிய தண்ணீர், ஏதாவது ஒன்று அகப்பட்டுவிடும். அதன் மேல் பழி விழும். அக்கா வீட்டில் பவுடர் மேல் விழுந்தது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பொதுவாக உதிர்வு ஆபரேஷனுக்குப் பிறகு மூன்றாவது மாதத்தை ஒட்டி ஆரம்பிக்கும். மூன்று முதல் ஆறு மாதம் நீடிக்கும். பிறகு தானாகக் குறையும். ஆகவே ஆனி ஆடியில் வெங்காயச் சாறு தேய்த்தாலும், கரிசலாங்கண்ணித் தைலம் தேய்த்தாலும், விலை கூடிய சீரம் தடவினாலும் ஆவணியில் உதிர்வு குறையும். எதுவுமே தேய்க்காமல் இருந்தாலும் குறையும். கடைசியாகத் தேய்த்தது எதுவோ அதற்குப் பேர் கிடைக்கும். அதை வைத்துத்தான் அடுத்தவருக்குச் சிபாரிசு நடக்கிறது. எண்ணெய் தேய்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தலைக்கு இதமாக இருந்தால் தேய்த்துக்கொள்ளுங்கள். அதை நம்பிச் சாப்பாட்டையும் மாத்திரையையும் விட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான்.

மொட்டையடித்தால் அடர்த்தியாக முளைக்கும் என்பதும் இப்படித்தான். மொட்டை என்பது தோலுக்கு மேலே இருக்கும் முடியை வெட்டுவது. முடிக்கால் தோலுக்கு அடியில் இருக்கிறது, கத்தி அங்கே போகாது. குன்றக்குடிக்கோ பழனிக்கோ நேர்த்திக்கடன் இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். அது வேண்டுதல், வைத்தியக் கணக்கில் வராது.

## 'வேரோடு வந்துவிட்டது'

விழுந்த முடியின் நுனியில் வெள்ளையாக ஒரு சின்ன முண்டு இருக்கும். அதைப் பார்த்ததும் வேரே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது, இனி அந்த இடத்தில் முளைக்காது என்று பயப்படுகிறார்கள். அக்கா ஒருநாள் உள்ளங்கையில் பத்துப் பதினைந்து முடியை வைத்துக்கொண்டு இதைச் சொல்லி அழுதாள்.

அந்த முண்டு வேர் கிடையாது. ஓய்வுக்குப் போன முடியின் அடி சுருங்கிக் காய்ந்து அப்படி ஆகிறது. முடிக்கால் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. பிள்ளைக்குப் பால்பல் விழுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே இருந்து புதுப்பல் கிளம்பி வருவதால்தான் பால்பல் ஆடுகிறது. பெரும்பாலும் முடியும் அப்படித்தான் விழுகிறது, கீழே புது முடி கிளம்பிவிட்டதால்.

புது முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். அதனால் உதிர்வு நின்ற மறுமாதமே சடை தடித்துவிடாது. முப்பது சென்டிமீட்டர் நீளம் வர இரண்டரை வருடம் ஆகும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் மனம் அலைபாய்வது குறையும்.

மறுபடி சுருக்கமாக: காரணத்துக்கும் உதிர்வுக்கும் நடுவில் மூன்று மாதம் உண்டு. உதிர்வு பெரும்பாலும் தானே அடங்கும். விழுவது பழைய முடி, முடிக்கால் பத்திரம்.

## அப்படியானால் செய்ய எதுவும் இல்லையா?

முதல் அலையை முழுவதும் தடுக்க முடியாது. அந்த முடி ஏற்கெனவே ஓய்வுக்குப் போய்விட்டது. இன்று நாம் செய்வதெல்லாம் மூன்று மாதத்துக்குப் பிந்தைய முடிக்காக. கடைமடைக்கு மறுபடி தண்ணீர் விடும் வேலை அது.

அதில் முதலாவது புரதம். இந்த ஆபரேஷன் செய்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்று பொதுவாகச் சொல்வார்கள். உங்கள் அளவை உங்கள் மருத்துவக் குழு சொல்லும். கேட்கச் சுலபமாக இருக்கிறது. சிறிய வயிற்றில் அதை அடைப்பது கஷ்டம்.

செட்டிநாட்டு விருந்தோம்பல் இந்த இடத்தில் கொஞ்சம் எதிராக நிற்கிறது. எந்த வீட்டுக்குப் போனாலும் வெள்ளைப் பணியாரமும் சீயமும் கவுனி அரிசியும் முன்னால் வரும். 'ஒன்றே ஒன்று' என்பார்கள். பழைய வயிற்றுக்கு ஒன்று பெரிய விஷயமில்லை. இப்போதைய வயிற்றில் இரண்டு பணியாரம் போனால் அந்த வேளைக்கு இடம் முடிந்தது. அதில் இருப்பது பெரும்பாலும் மாவும் எண்ணெயும். பைபாஸ் செய்தவர்கள் இனிப்பை அதிகம் சாப்பிட்டால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்குகூட வரலாம்.

அதனால் வரிசையை மாற்ற வேண்டும். தட்டில் முதலில் புரதம், பிறகு காய், கடைசியில் இடமிருந்தால் சோறு. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். சமைத்த கோழி 100 கிராமில் 25 கிராமுக்குக் குறையாது. மீன் அதற்குக் கொஞ்சம் கீழே. வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல் 100 கிராமில் எட்டு ஒன்பது கிராம். ஒரு இட்லியில் இரண்டு கிராம் தேறினால் அதிகம். இந்தக் கணக்கைப் பார்த்தாலே, சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பவுடர் ஏன் தேவைப்படுகிறது என்று புரியும். அது பாலிலிருந்தோ சோயாவிலிருந்தோ பிரித்தெடுத்த புரதம். சூடு கிளப்பும் மருந்து எதுவும் அதில் இல்லை.

கோழி ரசத்தைக் குடித்துவிட்டுப் புரதம் போய்விட்டது என்று திருப்திப்படுகிறவர்கள் உண்டு. புரதம் கறியில்தான் இருக்கிறது. நன்றாக வெந்த கறியை மெதுவாக மென்று சாப்பிட வேண்டும்.

## இரும்புப்பெட்டியில் இருப்பு எவ்வளவு?

பைபாஸ் ரோட்டின் விஷயத்துக்கு வருகிறேன். இரும்புச்சத்தை உடம்பு அதிகமாக வாங்கிக்கொள்வது சிறுகுடலின் தொடக்கத்தில். பைபாஸில் உணவு அந்த வழியாகப் போவதே இல்லை. ஸ்லீவில் போகிறது. ஆனால் இரைப்பை சிறிதானதால் அமிலம் குறைகிறது. அமிலம் குறைந்தால் இரும்பைப் பிரித்தெடுப்பது குறைகிறது. துத்தநாகமும் பி12-ம் இதே போலக் குறையலாம். ஆகவே சத்து மாத்திரை ஆயுள் முழுக்க. எடை நின்றுவிட்டது, இனி எதற்கு என்று நிறுத்தக் கூடாது.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்பதோடு விட்டுவிடாதீர்கள். ஹீமோகுளோபின் கையில் புழங்கும் பணம். வீட்டு இரும்புப்பெட்டியில் இருக்கும் சேமிப்புக்கு ஃபெரிட்டின் என்று பெயர். பெட்டி காலியாகிக்கொண்டிருக்கும்போதும் கைப்பணம் சில காலம் குறையாமல் தெரியும். முடி அதற்குள் கொட்ட ஆரம்பித்துவிடும். ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போடக் கூடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காபி, டீயோடும் இரும்பு மாத்திரை வேண்டாம். எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நல்லது. மாதவிலக்கு உள்ள பெண்களுக்கு இரும்பின் அளவு ஆண்களைவிட அதிகம் தேவைப்படும். வீட்டில் கணவரும் மனைவியும் ஒரே மாத்திரையைப் பங்கு போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

பயோட்டின் பற்றி ஒரு வார்த்தை. முடி என்றாலே கடைக்காரர் எடுத்து நீட்டுவது அதுதான். பயோட்டின் குறைபாடு அரிது. குறைபாடு இல்லாதவருக்கு அது முடி வளர்க்கும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. அளவு கூடினால் தைராய்டு பரிசோதனையிலும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையிலும் தவறான எண்ணைக் காட்டலாம். சாப்பிடுகிறீர்கள் என்றால் ரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள். வைட்டமின் ஏ-வும் செலினியமும் அளவு மீறினால் அவையே முடியை உதிர்க்கும். நிறையச் சாப்பிட்டால் சீக்கிரம் முளைக்கும் என்று இரட்டிப்பாக்குவது எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விடும்.

## காத்திருக்கக் கூடாத நேரங்கள்

உதிர்வு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, ஆபரேஷன் முடிந்து ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துப் புதிதாக ஆரம்பித்தாலோ, அது முதல் அலை இல்லை. சத்துக் குறைபாடாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம். பார்த்துவிட வேண்டும்.

வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தால் அது புழுவெட்டு, வேறு நோய். வகிடு மட்டும் அகன்றுகொண்டே போனால் பரம்பரையாக வரும் முடி மெலிதல் இதோடு சேர்ந்து வெளிப்பட்டிருக்கலாம். அதற்கு மினாக்சிடில் போன்ற மருந்துகள் உண்டு, மருத்துவர் சொன்னால் மட்டும்.

முடியோடு சேர்ந்து அசதி, மூச்சுவாங்கல், பச்சரிசியையோ ஐஸ்கட்டியையோ கடிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் இரும்புச்சத்து நன்றாக இறங்கியிருக்கும். தொடர்ந்து வாந்தி, நடக்கும்போது தள்ளாட்டம், காலில் மரமரப்பு என்றால் முடியை மறந்துவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பி1 என்ற வைட்டமின் தீர்ந்துபோனதன் அடையாளமாக இருக்கலாம். அது நரம்பையும் மூளையையும் தாக்கும்.

## நடுவில் இருக்கும் மாதங்கள்

மருத்துவம் இவ்வளவுதான். ஆனால் சித்திரைக்கும் புரட்டாசிக்கும் நடுவில் ஒரு பெண் கல்யாண வீடுகளுக்குப் போக வேண்டியிருக்கிறது. முகப்பில் கால் வைக்கும்போதே 'என்ன, முடியெல்லாம் போச்சு?' என்ற கேள்வி வரும். ஆபரேஷனை யாரிடமும் சொல்லாதவர்களுக்கு இது இன்னும் கஷ்டம்.

அக்கா தோள் வரை வெட்டிக்கொண்டாள். அம்மாவுக்கு முதலில் சம்மதமில்லை. வெட்டிய பிறகு மெலிந்தது அவ்வளவாகத் தெரியவில்லை என்று அவரே சொன்னார். வகிட்டை ஒரு பக்கம் மாற்றி எடுத்தாள். சவுரி வைப்பதையும் கனமாகப் பூ வைப்பதையும் நிறுத்தினாள். அந்தக் கனம் மிச்சமிருக்கும் முடியை இழுக்கும். இறுக்கிப் பின்னல் போடுவதில்லை. ஈரத்தலையில் சீப்பு வைப்பதில்லை, காய்ந்த பிறகு அகலப்பல் சீப்பு. முடி கொட்டும் என்று பயந்து பத்து நாள் தலை குளிக்காமல் இருந்ததை மட்டும் மருத்துவர் மாற்றச் சொன்னார். குளிக்கும்போது விழுவது எப்படியும் விழப்போகிற முடிதான். பத்து நாள் சேர்த்துவைத்தால் ஒரே நாளில் கொத்தாக விழுந்து பயத்தை ஏற்றும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று. தலையைப் பார்த்துப் பேசாதீர்கள். 'ஆபரேஷனே செய்திருக்க வேண்டாம்' என்று சொல்லாதீர்கள். 'இன்று எத்தனை முட்டை சாப்பிட்டாய்?' என்று கேளுங்கள். அந்தக் கேள்வியில் பயன் இருக்கிறது.

புரட்டாசியில் காரைக்குடிக்குப் போயிருந்தேன். அக்கா வளவில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். நெற்றியோரத்தில், இரண்டு விரல்கடை நீளத்துக்குச் சின்னச் சின்ன முடிகள் எழுந்து நின்றன. எதிர்வீட்டு ஆச்சி எண்ணெயைத் தொட்டு அவற்றைப் படிய வைக்கப் பார்த்தார். எண்ணெய் வைத்தும் படியவில்லை.